தூக்காமலே சொன்ன எடை

என் வீட்டுக்காரருக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. இருபத்தாறு வருஷமாக ஊரார் மூட்டையைச் சுமப்பவருக்கு என் ஒரு பெட்டியைக் கண்டால் மட்டும் பற்றிக்கொண்டு வரும். அவர் இரண்டு சட்டை, ஒரு துண்டோடு கையை வீசிக் கிளம்பிவிடுவார். நான் வருமுன் காப்பவள். குடை, போர்வை, மாத்திரை, ஊசிநூல் எல்லாம் வேண்டும் எனக்கு.

வழக்கமாக நான் பெட்டியை மூடியதும் ஒரு கையால் தூக்கி, "பத்தொன்பது கிலோ" என்பார். தராசில் வைத்தாலும் அரைக் கிலோ பிசகாது. அந்தப் பெருமையிலேயே பாதிச் சண்டை அடங்கிவிடும். இன்றைக்கு, மகள் வீட்டுக்கு ரயில் ஏற மூன்று மணி நேரம் இருக்கும்போது, பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "எடை ஜாஸ்தி. பாதியை எடு" என்றார்.

"என்ன, வீட்டையா தூக்கி வெச்சிருக்கேன்?"

"ஆமா. வாசக்கதவு ஒண்ணுதான் பாக்கி."

"அப்ப நீங்க மட்டும் போங்க. நான் வரலை."

சமையலறைக்குப் போய்விட்டேன். என் கையில் பட்ட பாட்டைப் பாத்திரங்களைத்தான் கேட்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கக் குனிந்தவர் பாதியில் நின்றுவிட்டார். ஒரு கை கட்டில் சட்டத்தில், ஒரு கை இடுப்பில். கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

கொஞ்ச நாளாகவே செருப்பை உட்கார்ந்துதான் மாட்டுகிறார். வெக்கை என்று சொல்லித் தரையில் படுக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷன், நானும் அதைத் தின்றிருக்கிறேன். தூக்க முடியவில்லை என்று சொல்வதைவிட என்னோடு சண்டை போடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது.

அவர் குளித்து வருவதற்குள் பெட்டியைக் காலி செய்தேன். தோளில் மாட்டும் பை இரண்டு போதும். போர்வை போயிற்று, குடை போயிற்று, நாலாவது புடவையும் போயிற்று. மேலாக வெந்நீர்ப் பையை வைத்தேன்.

வந்தவர் அதைக் கையில் எடுத்தார். "இது எதுக்கு?"

"எனக்கு முதுகு வலி."

"சொல்லவே இல்லையே! எத்தனை நாளா?"

"உங்களுக்கு எத்தனை நாளோ, அத்தனை நாளா."

மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். வெந்நீர்ப் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நாப்பது நாளாச்சு" என்றார்.

பிறகு, நான் எடுத்துப் போட்டிருந்த குடையை அவரே பைக்குள் வைத்தார்.