வாய்ஸ் நோட்டில் வீட்டுப்பாடம்

மாரிசெல்வி சப்பாத்தி மாவு பிசைந்தபடியே பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐ வாஷ். ஐ வாஷ்ட். ஐ ஹேவ் வாஷ்ட். ஐ வில் வாஷ்."

"தொவைச்சது போதும்ட்டி, அடுத்ததுக்குப் போ" என்றான் அவள் கணவன் ராஜபாண்டி. பேக் தைக்கும் கார்கானாவிலிருந்து அப்போதுதான் வந்து, சுவரில் சாய்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்தது குக்."

"அது ஒனக்கு இன்னும் வரலியே."

மாவுக் கையால் அவன் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள். சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஃப்ளைட்.

அவன் தங்கை மாலதி தீபாவளி முடிந்ததும் கல்ஃபுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அதே ஊருக்குத்தான் இப்போது செல்வியும் போகிறாள். இருவரும் சேர்ந்து உழைத்தால் மான்குர்தில் சொந்தமாக ஓர் அறை வாங்கிவிடலாம் என்பது நாத்தனாரும் மதினியும் கூடிப் போட்ட திட்டம். "மாலு அங்க ஒத்தையில கெடக்கா. நான் போனா அவளுக்குத் தொணை" என்று சொல்லித்தான் ராஜபாண்டியைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

இருவரையும் அனுப்பும் ஏஜென்ட் சுரேந்திரன். தாராவியில் ஒரு பழைய கடையில் அவனே ஆங்கில வகுப்பும் நடத்தினான். கடைசியில் ஒரு 'ட்' சேர்த்தால் இறந்தகாலமாகிவிடும் எளிய வினைச்சொற்களை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தான். "கோணல்மாணலா மாறுறதெல்லாம் ஒங்களுக்கு வேண்டாம். கட்டளை வாக்கியத்தை நீங்க பேசவும் வேண்டாம், காதுல வாங்கினா போதும். வாஷ். ஓபன். ஸ்டே. கேட்டதும் செய்யணும்" என்பான். தினமும் வீட்டுப்பாடத்தைச் சொந்தக் குரலில் பதிவு செய்து அவன் போனுக்கு அனுப்ப வேண்டும். தடுமாறக் கூடாது. மனதிலிருந்து சொல்வது போல இருக்க வேண்டும்.

ராஜபாண்டியின் போன் அதிர்ந்தது. சுரேந்திரன் அனுப்பியிருந்தான், மாலதியின் வாய்ஸ் நோட். வேலை பார்க்கும் வீட்டில் போன் தரமாட்டார்களாம், எல்லாம் அவன் மூலமாகத்தான் வரும். ஏர்போர்ட்டிலிருந்து அழுதுகொண்டே தமிழில் பேசியவள், அதன்பிறகு அனுப்பியதெல்லாம் ஆங்கிலம்தான். வீட்டில் யாருக்கும் புரியாது. ஆனால் ராஜபாண்டி அதை அவர்கள் குடியிருக்கும் சாலில் வீடு வீடாகப் போட்டுக் காட்டுவான். "என் தங்கச்சி தஸ்புஸ்ஸுனு பேசுதா, கேளுங்கல."

இன்று செல்விக்குப் புரிந்தது.

"ஐ ஸ்டே ஹியர். ஐ வான்டட் டு ஸ்டே. ஐ ஹேவ் டிசைடட் டு ஸ்டே. நோபடி ஃபோர்ஸ்ட் மீ."

"என்னட்டி சொல்லுதா?"

"அங்கயே இருக்க முடிவு பண்ணிட்டாளாம். யாரும் கட்டாயப்படுத்தலியாம்."

"அத எதுக்குச் சொல்லுதா? நம்ம யாரும் கேக்கலியே."

இதே வாக்கியங்களை இதே வரிசையில் போன வாரம் செல்வியும் வீட்டுப்பாடமாக அனுப்பியிருந்தாள். போனை வாங்கிக் காதோடு ஒட்டிக்கொண்டாள். மாலதியின் குரலுக்குப் பின்னால் டிரம்மை இழுக்கும் சத்தம். "பானி ஆயா", தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்துகிறார்கள். பிறகு தொலைவில் ஒரு பெண்குரல்: "ஏ மாலு, கொடத்தத் தூக்கிட்டு வாளா."

அது செல்வியின் குரல்.

ராஜபாண்டியிடம் நீட்டினாள். பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஒன்றில் அடுத்த வீட்டுக் கிரைண்டர். இன்னொன்றில் அவனுடைய இருமல். எல்லாமே மாலதி புறப்படும் முன் இந்த அறையில் வீட்டுப்பாடமாகப் பதிவு செய்தவை. ஏர்போர்ட்டுக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

செருப்பைத் தேடியவனைச் செல்வி மறித்தாள். "அத்தான், அவன் சட்டையப் புடிச்சா வாய மூடிக்கிடுவான். மாலு எங்க இருக்கான்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும். காலையில நான் வகுப்புக்குப் போறேன். எல்லார் முன்னாலயும் கேக்கேன். நீங்க வெளிய நில்லுங்க."

காலையில் சுரேந்திரன் டீ குடித்துக்கொண்டே பாடத்தைத் தொடங்கினான். "ரிபீட். ஐ டிரஸ்ட். ஐ டிரஸ்டட்."

பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். செல்வி எழுந்து நின்றாள்.

"சார், மாலதிகிட்ட ஒரு நிமிசம் பேசணும். இப்பமே."

"வெள்ளிக்கிழமை நேர்லயே பாக்கப் போற. ஒக்காரும்மா."

"தமிழ்ல ஒரு வார்த்த சொன்னாப் போதும், சார்."

"அங்க தமிழ் பேசக் கூடாது. ஒனக்கும்தான், இப்பவே பழகிக்கோ."

செல்வி போனின் சத்தத்தைக் கூட்டி நோட்டைப் போட்டாள். "பின்னால கேக்கது எங்க சால்ல தண்ணி வந்த சத்தம். கூப்பிடுறது நான்."

முன்வரிசையில் இருந்த ரீனா மெதுவாகத் தன் போனை எடுத்தாள். அவள் அம்மா லூசியம்மாள் மாலதிக்கும் முன்னால் போனவள். அம்மாவின் நோட்டைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு ரீனா சொன்னாள்: "எங்க மாதா கோயில் மணி கேக்குது. எங்கம்மா இருக்கற எடத்துல சர்ச்சே கெடையாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். அவர்களுக்கு முன்னால் போன வீட்டுப் பெண்களின் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அந்தச் சின்னக் கடையை நிரப்பின. ஐ லைக்ட். ஐ அக்ரீட். ஐ வில் வொர்க்.

சுரேந்திரன் மறுக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், பெண்களை உள்ளேயே வைத்து ஷட்டரை இழுத்தான். அது பாதியில் நின்றது. வெளியே ராஜபாண்டி குனிந்து இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

"கைய எடு" என்றான் சுரேந்திரன், குரலை உயர்த்தாமல். "நான் ஒரு போன் போட்டாப் போதும். ஒன் தங்கச்சிக்கு இன்னைக்குச் சோறு உண்டா இல்லியான்னு அங்க முடிவாயிரும்."

ராஜபாண்டியின் பிடி தளர்ந்தது. ஷட்டர் ஒரு சாண் இறங்கியது. இடுக்கு வழியே அவன் செல்வியைப் பார்த்தான்.

செல்விக்கு அந்த மிரட்டலிலேயே ஒன்று பிடிபட்டது. இத்தனை மாதத்தில் மாலதியைப் பற்றி வந்த முதல் உண்மைச் செய்தி இதுதான். உயிரோடு இருக்கிறாள்.

"விடாதீங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு, ஷட்டரின் உள்பக்கம் தன் கைகளையும் கொடுத்தாள். ரீனாவும் எழுந்து வந்து கைகொடுத்தாள்.

சுரேந்திரன் போனை எடுத்து எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது.