இருவராக எண்ணப்பட்ட ஒருத்தி

மழை ஓய்ந்த முற்பகலொன்றில், கழுவிவிட்டாற்போன்ற கற்பாதைகள் இளவெயிலைத் துண்டுதுண்டாக ஏந்திக் கிடக்க, இருமருங்கு மரங்களும் இலைநுனியில் நீர் கோத்து நிற்க, நெடுந்தெருவின் முடிவில் சாம்பல்நிறச் சுவர்களோடும் உயர்ந்த சாளரங்களோடும் ஓங்கி நின்றது மண்ணியல் ஆய்வுக் கழகம். கீழ்த்தளத்தில் கண்ணாடிக் குடுவைகள் ஒளிர்ந்தன. நடுத்தளத்தில் எழுதுவோரும் கணிப்போரும் தத்தம் மேசைமீது குனிந்திருந்தனர். மேல்தளத்து நூலகத்திலோ, கழகம் முப்பதாண்டுகளாக வெளியிட்டுவந்த காலாண்டு ஆய்விதழின் நூற்றிருபது இதழ்களும், ஆண்டுக்கொரு கட்டாக நீலத்துணி அட்டை பூண்டு, அணிவகுத்த வீரர்போல் நின்றன. அவற்றுக்குப் பொறுப்பான நூலகர் ஐம்பதைத் தொட்ட பெண்மணி, குறைவாகப் பேசுபவர், ஐயம் ஒன்று மனத்தில் விழுந்துவிட்டால் அதனைத் தீர்த்த பின்பே உணவை நினைப்பவர்.

முப்பதாண்டு நிறைவைச் சிறப்பிதழொன்றால் கொண்டாட விரும்பிய இதழாசிரியர், அதுவரை வெளியான கட்டுரைகள் எத்தனை, அவற்றை எழுதியோர் யாவர், பிற்கால ஆய்வாளர் எவரெவரை எத்துணை முறை தம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியுள்ளனர் என்று அளந்து தருமாறு கேட்டிருந்தார். எழுதியவனுக்குப் பரிசும் பட்டமும் தராத பொழுதும், எங்கோ முகமறியா ஒருவர் 'இவர் கண்டதை நம்பி மேலே செல்கிறேன்' என்று ஓரடியில் குறிப்பது அறிவுலகில் எத்துணைப் பெரிய வணக்கம் என்பதைக் கற்றறிந்த நீங்கள் அறிவீர்கள். இப்பணியில் நூலகர்க்குத் துணையாய் அமைந்தவர் கழகத்தின் புள்ளியியலாளர். பருத்த உடலும் அசையாத அமர்வும் வாய்ந்த அவரை அனைவரும் 'புள்ளியார்' என்றே அழைத்தனர். அவரும் அப்பெயரில் மகிழ்ந்தே இருந்தார்.

மூன்று திங்கள் உழைப்பில் கணக்கு முடிந்தது. கட்டுரைகள் ஆயிரத்து நூற்று நாற்பது. அவற்றுள் ஒருவராலும் மேற்கோள் காட்டப்படாதவை ஏறத்தாழப் பாதி. இருநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்களோடு முதலிடத்தில் நின்றவர் கழகத்தின் முன்னாள் இயக்குநர். இதழாசிரியரின் ஆசானும் அவரே. ஒருவர் தம்மையே மேற்கோள் காட்டிக்கொண்டவற்றைக் கணிப்பொறி முன்னரே கழித்திருந்தது. அதோடு நில்லாது, உவர்நிலம் பற்றி எழுதிய இருவரைத் தனியே பிரித்து, இவர்களுள் ஒருவர் மற்றவரை நாற்பத்தேழு முறை தூக்கிப் பிடித்துள்ளார் என்று குற்றம் சுட்டியது. இதழாசிரியர் நேர்மையில் கடுமையானவர். அவ்விருவர் பெயரையும் சிறப்பிதழில் வெளியிட்டு, அவர்தம் கட்டுரைகளைக் கணக்கினின்று நீக்குவதென முடிவுசெய்தார். வெள்ளிக்கிழமை ஆட்சிக்குழு கூடி ஒப்புதல் தரவேண்டியதே எஞ்சியிருந்தது.

நூலகர்க்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பழியை அச்சேற்றுமுன் ஏட்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எண்ணி, நீலக்கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். எட்டாம் ஆண்டின் இளவேனில் இதழோடு முதலாமவர் மறைய, அடுத்த இதழிலேயே இரண்டாமவர் தோன்றக் கண்டார். இருவரும் மண் எடுத்த குழிகளின் எண்களும் ஒன்றாகவே இருந்தன. இரண்டாமவரின் முதற்கட்டுரையின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிற்றெழுத்தில், மண்மூட்டைகளைத் தோளில் சுமந்து உதவிய தந்தையார்க்கு நன்றி என்றொரு வரி; அத்தந்தையின் பெயரோ முதலாமவரின் குடும்பப்பெயர். எழுதுவோரின் சொந்தப் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிக் குடும்பப்பெயரை மட்டும் விரித்து அச்சிடுவது அவ்விதழின் வழக்கம். எட்டாம் ஆண்டில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நடந்திருக்கிறது, அவ்வளவே நிகழ்ந்தது.

இதனைக் கேட்ட புள்ளியார் கணிப்பொறியின் முன் அமர்ந்து, இரு பெயரையும் ஒன்றாக்கி, நாற்பத்தேழையும் கழித்து, எஞ்சியதைத் தாளில் எழுதி நீட்டினார். இருநூற்று எழுபத்திரண்டு.

மறுநாட் காலை நூலகர் பேருந்தேறி, அப்பெண்மணி பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரியும் நகர நீர்வழங்கு நிலையத்தின் சோதனைக்கூடத்தை அடைந்தார். வரிசையாய் நின்ற நீர்க்குடுவைகளுக்கிடையே, மூக்கின் நுனியில் கண்ணாடியோடு, உப்பின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தவர் வந்த செய்தியை முழுதும் கேட்டார். கேட்டதும் மேசையைப் பற்றிக்கொண்டு சிரித்தார்.

"அப்போ நானும் நானும் சேர்ந்து கூட்டுச்சதி பண்ணியிருக்கோம், அப்படித்தானே?"

நூலகரும் சிரித்துவிட்டு, கொண்டுவந்த தாளை அவர்முன் வைத்தார். முதலில் அசட்டையாய் நோக்கிய அம்மையாரின் கண்கள் ஆண்டுகளின் நிரலில் நின்றன. மேற்கோள்களுள் முக்காற்பங்கு அவர் ஆய்வை விட்டு விலகிய பின்னரே வந்திருந்தன. விதைத்தவள் வேறூர் சென்ற பின் விளைந்த வயல்போல, ஆண்டுதோறும் அவை பெருகியிருந்தன.

"ஒருத்தரும் படிக்கலன்னு நினைச்சுதாம்மா எழுதறதை விட்டேன்," என்றார் அவர், குரல் தாழ்ந்து. "கிணத்துல கல்லைப் போட்டாக்கூட ஒரு சத்தம் வரும். எனக்கு அதுகூட வரல."

"சத்தம் வந்துச்சும்மா," என்றார் நூலகர். "நாங்கதான் ரெண்டு பேருக்குப் பிரிச்சு எழுதி வெச்சுட்டோம்."

இதழாசிரியரை இணங்கச் செய்வது அத்துணை எளிதாயில்லை. ஒப்புதலை எதிர்பார்த்துப் பட்டியல் அச்சகம் சென்றுவிட்டதென்றார். ஆசானை இரண்டாமிடத்தில் எவ்வாறு வைப்பதென்று வெளிப்படச் சொல்லாமல் தயங்கினார். நூலகர் வாதிடவில்லை, நீலக்கட்டைத் திறந்து, அந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்துக் காத்திருந்தார். அதைப் படித்த இதழாசிரியர் தாமே தொலைபேசியை எடுத்து அச்சை நிறுத்தினார். அவர் அஞ்சியதுபோல் முன்னாள் இயக்குநர் வருந்தவுமில்லை. அந்த அம்மாவின் அளவுகளைத் தாமே ஒன்பது முறை மேற்கோள் காட்டியிருப்பதாகவும், யார் பின்னால் நிற்கிறோம் என்று இப்போதேனும் தெரிந்ததில் மகிழ்ச்சியே என்றும் கடிதம் எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஆட்சிக்குழு திருத்திய கணக்கை ஏற்றது. இனி எழுதுவோரின் பெயர் முழுமையாக அச்சிடப்படும் என்றும் முடிவாயிற்று. பழிப்பட்டியல் வரவிருந்த பக்கத்தில் உவர்நிலம் பற்றிய இருபது கட்டுரைகளின் நிரல், ஒரே பெண்ணின் பெயரின்கீழ் வெளிவந்தது. இதழை வீட்டில் விரித்துப் பார்த்த அவர் கணவர், "என்னைக் கட்டிக்கிட்டதால உனக்கு இத்தனை வருஷம் பாதிதான் கிடைச்சிருக்கு," என்றார். "கழிச்சது போக மீதி நல்லாத்தான் இருக்குங்க," என்று அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

கழகத்திற்கு மீண்டு வருமாறு விடுத்த அழைப்பை அவர் பணிவோடு மறுத்தார். ஊரார் பருகும் நீரை அளப்பதில் அவர்க்கு நிறைவுண்டு. ஆயினும் பதினாறு ஆண்டு நீரளவுகளைத் தொகுத்துக் கட்டுரையொன்று எழுதத் தொடங்கியுள்ளார். தம்மை மேற்கோள் காட்டிய அயலார் கட்டுரைகளை நூலகரிடம் கேட்டுப் பெற்று, காலையில் பணிக்குப் புறப்படுமுன் நாளுக்கொன்றாகப் படித்தும் வருகிறார். அவற்றுள் சில அவரைப் பிறழ உணர்ந்தவை. சில போகிறபோக்கில் பெயரை உதிர்த்தவை. சிலவோ அவர் நின்றுவிட்ட இடத்தினின்று புறப்பட்டு, அவர் கனவிலும் கண்டிராத தொலைவுக்குச் சென்றவை. அத்தகைய ஒன்று கிடைக்கும் நாளில், பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று கணவர் வாயிலில் நின்று அழைத்தும் எழாமல், கடைசி வரிவரை படித்து முடித்து, ஓரத்தில் தம் ஐயமொன்றைக் குறித்து வைத்துவிட்டு, அமைதியான முகத்தோடு தெருவில் இறங்கி நடப்பார்.