அட்டை ஆள் நுழைந்த வாசல்

ஆர்க்கிடெக்சர் கல்லூரியில், வரைந்தும் மாடல் செய்தும் படிக்கிற மூன்றாம் வருட ஸ்டூடியோ வகுப்பில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவன் பெரியப்பா. கூடப் படித்தவர்கள் நாலாம் வருடத்துக்கு ஏறிப் போய்விட, இவன் மட்டும் அதே மேஜை, அதே ஸ்டூல், அதே சுவர் என்று மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் சின்னதுகள். "பெரியப்பா, ஸ்கேல் குடுங்க", "பெரியப்பா, பசிக்குது, ஏதாவது வாங்கித் தாங்க" என்று உறவு கொண்டாடின. அவனும் சிரித்துச் சமாளிப்பான். உள்ளுக்குள் எரியும்.

ஒரே ஸ்டூடியோவில் இரண்டு தடவை கோட்டை விட்டால் கல்லூரி வெளியே அனுப்பிவிடும். வீட்டுச் சட்டம் அதைவிடச் சுருக்கம். "இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா, திங்கட்கிழமை காலைல என்கூட வண்டியில ஏறு" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். மகன் கட்டடம் கட்டப் படிக்கிறேன் என்று அட்டையை வெட்டிக்கொண்டிருப்பது அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். பாசம் என்றால் அப்படி ஒரு பாசம். வருஷக்கணக்காகக் கற்றுக்கொள்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, அவர் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. மகன் சைக்கிளில் கொஞ்சம் வேகமாகப் போனாலே போதும், நின்ற இடத்தில் தரையை அழுத்துவார். அவன் என்ன செய்ய ஆரம்பித்தாலும் அவர் நிறுத்திவிடுவார். அதிலிருந்து தப்பிக்கத்தான் அவன் இந்தப் படிப்புக்கே வந்தான். வந்த பிறகு படிப்பும் பிடித்துப் போனது, அதுதான் கஷ்டம்.

ஸ்டூடியோவை நடத்துகிற மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பேர் கத்தி. மேஜைக்கு மேஜை வந்து, வரைந்து வைத்ததை ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டுப் போவார். அந்தப் பருவத்துக்கு அவர் கொடுத்த வேலை இதுதான். ஓர் ஆள் மட்டும் இருக்கக்கூடிய அறை, நிஜ அளவில். வெறும் கார்ட்போர்டும் பசையும்தான், ஆணி கூடாது. வெளிப்பக்கம் பசைக் கறை தெரியக் கூடாது. கதவும் கூடாது. "கதவுன்னு ஒண்ணு போட்டுட்டா அதோட யோசிக்கிறத நிறுத்திடுறீங்க" என்றார். கடைசியாக ஒன்று: மார்க் போட ஜூரி வந்து நிற்கும்போது வேலை முழுசாக இருக்க வேண்டும். இடிந்தது, கிழிந்தது, பாதியில் நின்றது எதற்கும் மார்க் கிடையாது.

பெரியப்பா இந்த முறை உயிரைக் கொடுத்து உழைத்தான். அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டி, விலா எலும்பு மாதிரி வரிசையாக நிறுத்தி, இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டான். அந்த இடைவெளிகளில் வெளிச்சம் கோடு கோடாக உள்ளே விழும். வாசலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு சுவரின் முனைக்கு முன்னால் இன்னொரு சுவரை மறைப்பாக நிறுத்திவிட்டால், நடுவில் இருக்கும் சந்து வழியாக ஆள் நழுவி உள்ளே போய்விடலாம். வெளியிலிருந்து பார்த்தால் வாசல் இருப்பதே தெரியாது.

முதலில் சின்னதாக மாடல் செய்து காட்டினான். அதே அளவுக் கணக்கில் ஓர் ஆளையும் அட்டையில் வெட்டி வைத்திருந்தான். கத்தி மேடம் அந்த ஆளை எடுத்துச் சந்தில் விட்டுப் பார்த்தார். ஆள் வழுக்கிக்கொண்டு உள்ளே போனான். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அன்று முழுக்க அவன் கால் தரையில் படவில்லை.

ஜூரி நாளன்று காலையில், பெரிய ஹாலின் மூலையில் நிஜ அறை கிட்டத்தட்ட எழுந்து நின்றுவிட்டது. பாக்கி இருந்தது வாசலை மறைக்கும் சுவர் மட்டும். அதை வெளியிலிருந்து ஒட்டினால் பசை வழிந்து கறையாகும். அதனால் அவன் உள்ளே போய் நின்றுகொண்டான். சோடாபுட்டி கண்ணாடி போட்ட ஒரு பெண், அவனுக்கு அந்த வகுப்பில் இருந்த ஒரே உண்மையான சிநேகிதி, வெளியே நின்று பட்டைகளை நீட்டினாள். கடைசிப் பட்டையைக் கொடுத்துவிட்டு, "பெரியப்பா, என் டிராயிங் ஷீட்டை எல்லாம் பிரின்ட் எடுத்துட்டு வந்துடுறேன்" என்று ஓடினாள்.

அவன் கடைசிப் பட்டையை ஒட்டி, பசை பிடிக்கும்வரை அழுத்திப் பிடித்திருந்து, கையைத் துடைத்துக்கொண்டான். ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். வெளிச்சம் நினைத்தபடியே வந்து தோளிலும் கையிலும் வரிவரியாக விழுந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு வெளியே போகலாம் என்று சந்துக்குள் தோளைக் கொடுத்தான். தோள் போனது. மார்பு போகவில்லை.

மூச்சை விட்டுப் பார்த்தான், வயிற்றை எக்கிப் பார்த்தான், கையை மேலே தூக்கிப் பார்த்தான். சந்து ஒரு சாண்கூட இல்லை. அப்போதுதான் விஷயம் மண்டையில் உறைத்தது. மாடலுக்கு ஆள் வெட்டும்போது உயரம் சரியாக வரும், தோள் அகலம் சரியாக வரும். கனம் மட்டும் அட்டையின் கனம். அந்தப் புண்ணியவானுக்கு மார்பும் கிடையாது, தொப்பையும் கிடையாது. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகாமல் என்ன செய்வான்?

மேலே பார்த்தான். கூரையையும் பட்டைகளால் மூடியிருந்தான். அறையை அப்படியே தூக்கிவிட்டுக் கீழே புகுந்து வரலாம் என்றால் அடித்தட்டோடு சேர்த்து ஒட்டியிருந்தான். நன்றாகத்தான் ஒட்டியிருந்தான். பசை நாற்றம் மூக்கில் ஏறியது. முதுகில் வியர்வை இறங்கியது. உடைத்துக்கொண்டு வெளியே போனால் ஸ்டூடியோ போச்சு. உள்ளேயே நின்றால் வாசலில்லாத அறையைக் கட்டிய முட்டாள். அவனுக்குப் பயமாக இருந்தது, சின்னப் பிள்ளையைப் போலப் பயமாக இருந்தது.

ஹாலின் அந்தப் பக்கம் ஜூரி ஆரம்பித்துவிட்டது. இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தான். கத்தி மேடத்தின் பக்கத்தில் வெளியிலிருந்து வரவழைத்த பெரிய ஆர்க்கிடெக்ட், வழுக்கைத் தலையும் கறுப்புச் சட்டையுமாக நடந்து வந்துகொண்டிருந்தார். சோடாபுட்டி ஷீட்டுகளோடு வந்து சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"பெரியப்பா? எங்க இருக்கீங்க?"

"உள்ள."

"ஜூரி வருது, வெளிய வாங்க."

"வர முடியல. சந்து பத்தல."

அவள் இடைவெளியில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். பிறகு களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்ப என்ன பண்றது?"

"உள்ளேருந்தே பேசிடுறேன். கட்டினவன் குரல் மட்டும் கேக்கும், ஆள் தெரிய மாட்டான். அதுதான் ஐடியான்னு சொல்லிடுறேன்."

"ஐயோ, சூப்பர்! அவங்களுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்!"

அவனுக்கும் தோன்றியது, இது நடந்தாலும் நடக்கும். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். நாலு வாக்கியம் ஒழுங்காக வந்துவிட்டது. அப்போது ஹால் வாசலில் டிரைவிங் ஸ்கூல் பேர் தைத்த சட்டை ஒன்று தெரிந்தது.

பெற்றோர் வரலாம் என்று சுற்றறிக்கை போயிருந்தது. வர வேண்டாம் என்று அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இரண்டு பாடத்துக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் அப்பா வந்தே விட்டார்.

"அம்மாடி, எங்கம்மா இவன்?" என்று சோடாபுட்டியைக் கேட்டார்.

அவள் பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "உள்ள இருக்காங்க அங்கிள்."

அப்பா அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாசல் தென்படவில்லை. "டேய்! எது வழியா போன?"

"அப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"வெளிய வா, மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்."

"இப்ப வர முடியாதுப்பா."

"முடியாதுன்னா? வர மாட்டியா, வர முடியலையா?"

"அது வந்து..." என்று அவன் இழுத்தான். அந்த ஒரு நொடி அப்பாவுக்குப் போதும். மகனுக்கு நாலு வயதில் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி அவன் உள்ளே அலறியபோது, கதவைத் தோளால் இடித்தே உடைத்தவர் அவர். இப்போதும் அவர் முகம் அதே மாதிரி வெளுத்துப் போனதை அவன் இடைவெளி வழியாகப் பார்த்தான். மேஜைமேல் கட்டர் கிடந்தது. அவர் அதை எடுத்தார்.

"அப்பா, வேணாம்பா! கை வைக்காதீங்க! கெஞ்சிக் கேக்குறேன்!"

"பயப்படாத கண்ணு. அப்பா வந்துட்டேன்."

"அங்கிள், வேணாம் அங்கிள்" என்று சோடாபுட்டி அவர் கையைப் பிடித்தாள். அவர் காதில் ஏறவில்லை. பிளேடு உள்ளே வந்தது. அவன் இரண்டு கையாலும் சுவரை உள்ளிருந்து அழுத்திப் பிடித்தான், அழுத்தினால் கிழியாது என்பது போல. பிளேடு விரலுக்குப் பக்கத்தில் வரவும் கையை எடுத்துவிட்டான். அப்பா மேலிருந்து கீழே கோணல்மாணலாக ஒரு கிழி கிழித்து, காலால் ஓர் உதை விட்டார். எத்தனையோ நாள் உட்கார்ந்து ஒட்டிய விலா எலும்புகள் மடமடவென்று முறிந்து விழுந்தன. அந்த ஓட்டை வழியே அப்பா கையை நீட்டி, அவனை இழுத்து, நெஞ்சோடு கட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். அவருக்குத்தான் உடம்பு நடுங்கியது. மகன் மரம் மாதிரி நின்றான்.

கத்தி மேடம் ஓடி வந்தார். அப்பா கையில் கட்டரைப் பார்த்தார், தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெரிய ஆர்க்கிடெக்டுக்குப் புரியவில்லை. அவர் ஜன்னலோரம் போனில் பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்போதுதான் வந்தார். நேராக ஓட்டை வழியே குனிந்து அறைக்குள் போய்விட்டார்.

அவர் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது இடைவெளிகள் வழியாகத் தெரிந்தது. பிறகு, "அடடா" என்று கேட்டது. "என்ன வெளிச்சம்! யார் பண்ணினது?"

அவன் கையைத் தூக்கினான்.

அவர் வெளியே வந்து ஓட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "எல்லாத்தையும் இவ்வளவு நறுக்கா பண்ணிட்டு, வாசலை மட்டும் இப்படி முரட்டுத்தனமா கிழிச்சிருக்கீங்க. துணிச்சல்தான். ஏன் இப்படி?"

அவன் கத்தி மேடத்தைப் பார்த்தான். அவர் கையிலிருந்த மார்க் ஷீட்டைப் பார்த்தபடி, "கேக்குறார்ல, பதில் சொல்லு" என்றார். அந்தக் கடுகடுப்பான மனுஷி அவனுக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஓர் ஆள் மட்டும் இருக்கற அறை சார். உள்ள போறதுக்கு நிதானம் இருக்கும். வெளிய வர்றப்போ இருக்கற அவசரம்தான் வாசலா இருக்கணும்னு நினைச்சேன்."

எங்கிருந்து வந்ததோ, பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பெரிய ஆர்க்கிடெக்ட் மெல்லத் தலையாட்டிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்று பேனாவைத் திறந்தார். சோடாபுட்டி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"சார், அந்த வாசல் நான் போட்டது" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா முகத்தில் அப்படி ஒரு வெட்கம், அப்படி ஒரு சந்தோஷம். "இவன் உள்ள மாட்டிக்கிட்டான் சார். வெளிய வரத் தெரியாம முழிச்சிட்டிருந்தான். நான்தான் கிழிச்சு இழுத்தேன். இதோ, இந்தக் கட்டர்தான்." எப்படிக் கிழித்தார், எப்படி உதைத்தார் என்று காலைத் தூக்கி நடித்தே காட்டினார். ஹாலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

பெரிய ஆர்க்கிடெக்ட் சிரிக்கவில்லை. "அப்போ நீங்க வைச்ச வாசல் எது?" என்று அவனைக் கேட்டார்.

அவன் சந்தைக் காட்டினான். அவர் அதில் கையை விட்டார். முழங்கைக்கு மேல் போனதும் தோளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வெளியே எடுத்துக்கொண்டார்.

"மாடல்ல ஆள் போனானே?" என்றார் கத்தி மேடம், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. அன்றைக்கு அந்த ஆளைச் சந்தில் விட்டுப் பார்த்தவர் அவர்தான்.

"பக்கவாட்டுல போனான் மேடம்."

பேனா மூடிக்கொண்டது. கத்தி மேடம் ஷீட்டில் ஏதோ எழுதினார். எழுதும்போது அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அடுத்த ஆள்" என்றார், ஆனால் வழக்கமான குரல் வரவில்லை.

படியிறங்கும்போது அப்பா அவன் தோளில் கை போட்டிருந்தார். பசை காய்ந்த சட்டை அவர் கையில் ஒட்டி ஒட்டி விட்டது. அவர் இறங்கிக்கொண்டே பேசினார். வழுக்கைத் தலைக்காரர் எவ்வளவு பெரிய ஆளாம், அவர் வாயாலேயே வாசல் துணிச்சல் என்று சொல்லிவிட்டாராம், வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்ல வேண்டுமாம். கல்லூரிக்குள் ஒருவர் அவரைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததில்லை. அவனுக்குக் கோபம் வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

கீழ்ப்படியில் அப்பாவுக்கு நினைவு வந்தது. "அது சரி, பாஸ்தானே?"

"இல்லப்பா. போச்சு."

"போச்சா?" அப்பா நின்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதில் சந்தேகமில்லை. பிறகு தோளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்து நடத்திக் கூட்டிப் போனார்.

"சரி விடு. அதான் நான் இருக்கேன்ல?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, முதல்லயே ஒரு வாசல் வைச்சுக் குடுத்திருப்பேன்ல கண்ணு?"