நாற்பத்தைந்து விநாடி

இருபத்து மூன்றாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். உப்புக் கிட்டங்கியின் எடைமேடையை உடைத்ததற்காக முதலாளி சிவனணைந்தபெருமாள் என் பேரில் எழுதிய கடன். மூட்டையோடு சறுக்கி அதன்மேல் விழுந்தேன். நடக்கும்போது விழுந்தால் சேதம் கிட்டங்கியைச் சேர்ந்தது, ஓடி விழுந்தால் சுமந்தவனைச் சேர்ந்தது. சங்கம் பேசி வைத்த ஏற்பாடு அது.

நான் ஓடவில்லை என்றேன். முதலாளி, கிட்டங்கிக் கேமராவில் பதிந்ததை என் போனுக்கு அனுப்பினார். அதில் விடுவிடென்று ஓடுகிறேன்.

"வேதமணி அண்ணாச்சி, ஒலிம்பிக்குக்கு ஆள் கேக்காவளாம். போறீரா?" என்றான் கூடச் சுமக்கிற நேசக்குமார்.

கண்ணால் பார்த்தபின் என்ன பேச? ஓடியிருப்பேன் என்று நானே நம்பிவிட்டேன். வாரம் ஐந்நூறு பிடித்தார்கள். மூன்று வாரம் போனது.

நான் எண் படித்தது ஐம்பது வயதுக்குமேல். அன்றிலிருந்து பஸ்ஸோ சுவரோ, எதில் எண் இருந்தாலும் வாசித்துவிடுவேன். பஸ்ஸுக்கு நின்றபோது அந்த வீடியோவைத் திரும்பப் போட்டேன். படத்தின் மேல்மூலையில் மணி ஓடியது. மூட்டையை எடுக்கும்போது 11:20:05. விழும்போது 11:20:50. நாற்பத்தைந்து விநாடி. ஆனால் போன் கணக்கில் பதினெட்டு விநாடிதான் ஆகியிருந்தது.

எங்கள் தெருவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஜெபசுதாவிடம் காட்டினேன்.

"ஏளா, இதுல எது பொய்?"

அவள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். "படம் பொய்யில்ல அண்ணாச்சி, வேகந்தான் பொய். மெமரியில இடம் மிச்சம் பிடிக்க, கேமராவுல விநாடிக்குப் பத்து படம்னு வச்சிருக்காவ. காப்பி எடுத்தவன் இருபத்தஞ்சுன்னு மாத்திட்டான். மொத்தம் நானூத்தம்பது படம். இருபத்தஞ்சு இருபத்தஞ்சா ஓட்டுனா பதினெட்டு விநாடியில தீந்துரும்லா?"

"மாத்த முடியுமா?"

"பத்துன்னு போட்டாச்சு. பாரும்."

பார்த்தேன். ஓடவில்லை. இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறேன். நடுவே ஒருமுறை நிற்கிறேன். நின்றது எனக்கு நினைவில்லை.

மறுநாள் திருத்திய படத்தைக் காட்டினேன். முதலாளி தன் கைக்கடிகாரத்தை மேசையில் வைத்து, படத்தின் மூலையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தே ஓடின.

"நீரு ஓடலவே. எங்க பக்கந்தான் தப்பு."

நோட்டை எடுத்தார். ஆனால் படத்தை நிறுத்தவில்லை. இன்னொரு தடவை ஓடவிட்டார்.

"நாப்பத்தஞ்சு விநாடியா? மத்தவனுவ அரை நிமிசத்துக்குள்ள போயிருதானுவ. இந்தக் கால வச்சிக்கிட்டு இனி எப்படிவே சுமப்பீரு? இன்னொரு தடவை விழுந்தா எடைமேடையோட போவாது."

கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. அது இழுப்பதைத்தான் படமே காட்டிவிட்டது.

வேலைக்கு வரும் ஆட்களின் பக்கத்தில் என் பேரின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தைப் புரட்டி, இருபத்து மூன்றாயிரத்து எழுநூற்றைம்பதின் மேலும் ஒரு கோடு. பிடித்த ஆயிரத்தைந்நூறைத் திருப்பிக் கொடுத்தார்.

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.