நாற்பத்தொன்றாவது நிமிடம்

“நோட்டுல என்னம்மா எழுதுற?” என்று கேட்டார் செம்பியன்.

ஆண்களை நேசிக்கும் ஆண்களைப் பற்றி, கடலூரில் அவரும் நண்பர்களும் கைக்காசு போட்டு எடுத்த பழைய ஆவணப்படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பூஞ்சை பிடித்த கேசட்டைச் சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் வீடியோ கடையில் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு, மூன்று நாளாக என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“கெட்டுப்போன இடத்தையெல்லாம் குறிக்கிறேன் சார்.”

“மூஞ்சியையும் குறிக்கிறியா? அவுங்கள்ல பாதிப் பேருக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு.”

நோட்டைப் பிடுங்கிப் படித்தார்.

‘இருபத்து மூன்று: கோடு. முப்பது: சத்தம் இல்லை. நாற்பத்தொன்று: சித்தப்பா சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்ததே இல்லை.’

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்தார். பாதி சுத்தம் செய்த கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.