கோட்டுக்கு மேல் ஒரு வாய்

என் வண்டியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அந்தக் குறை நிஜமாக இருந்துவிட்டால் இரண்டு மடங்கு ஏறும். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தேன்.

என் தொழில் பிசியோதெரபி. வழுக்கி விழுந்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்கள் என்று வீடு வீடாகப் போய் எழுப்பி நடக்க வைப்பேன். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கிய பிறகுதான் தலைக்கு மேல் ஒரு மேலாளர் இல்லாமல் மூச்சு விட்டேன். வண்டி போனால் திரும்பவும் அதே ஆஸ்பத்திரி, “இன்னிக்கும் லேட்டா?” என்கிற அதே மூஞ்சி.

வண்டியைப் பின்வாசலில், சமையலறை ஜன்னலுக்குக் கீழே நிறுத்துவேன். ஒருநாள் அதன் அடியில் சிமெண்டுத் தரையில் பச்சையாக ஒரு திட்டு. தொட்டு முகர்ந்தால் லேசான இனிப்பு வாடை. கூலண்ட். எஞ்சின் கொதித்துப்போகாமல் காப்பாற்றுகிற திரவம் அதுதான். துடைத்துவிட்டேன். மறுநாளும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா புருஷன் வந்தார். அத்தானுக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்பது அத்தானின் கருத்து. குனிந்து திட்டைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார்.

“ஹெட் கேஸ்கெட் போச்சு மச்சினிச்சி. எஞ்சினையே பிரிக்கணும். பேசாம எங்கிட்ட குடுத்துடு, நான் பாத்துக்கறேன். உனக்கு ஒரு ஸ்கூட்டர் போதும்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நான் அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அதன் டேங்க்கைத் தடவாமல் அவர் எங்கள் வீட்டுப் படி இறங்கியதில்லை.

“மாப்பிள்ளை சொல்றதுதான் சரி” என்று அம்மா டீயோடு வந்தாள். “வித்துத் தொலைடி. நானும் நிம்மதியாத் தூங்குவேன்.”

நிறைகுடம் தளும்பாது என்று சொன்ன ஆள் எங்கள் வீட்டில் டீ குடித்திருக்க மாட்டார். அம்மா டம்ளரை விளிம்பு வரை ஊற்றுவாள். தட்டில் போதும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால் கைமேல் விழும். “இன்னும் ஒரு வாய்” என்பாள். அப்பா குனிந்து முதல் வாயை உறிஞ்சிவிட்டுத்தான் டம்ளரையே தொடுவார். அத்தானுக்கு அந்தப் பயிற்சி போதாது. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார். அசைந்தால் சட்டை போய்விடும்.

அவர் நகர முடியாத அந்த நேரத்தில் நான் சொன்னேன். “அடுத்த ஞாயிறுக்குள்ள எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறேன். முடியலன்னா சாவி உங்களுக்கு.”

என் வாய் என்றைக்கும் என் பேச்சைக் கேட்டதில்லை. பின்வாசல் படியில் பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா “ம்” என்றார். எங்கள் வீட்டில் அப்பா “ம்” சொல்லிவிட்டால் பத்திரம் பதிவானது போல.

திங்கட்கிழமையே வேட்டை தொடங்கியது. வண்டிக்கடியில் வெள்ளை அட்டை விரித்தேன். குழாய் பொருந்தும் இடமெல்லாம் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கட்டினேன். ஈரம் ஓடினால் தடம் தெரியும் என்று எஞ்சின் முழுக்க முகப்பவுடரைக் கொட்டினேன். அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “பெத்தவளுக்கு ஒருநாள் பவுடர் வாங்கிக் குடுத்திருக்கியா?” என்று கேட்டாள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் டிஷ்யூ எல்லாம் காய்ந்த பேப்பராகவே இருந்தது. ரேடியேட்டரில் ஒரு சொட்டு இல்லை. அடியில் தொங்கும் ஒரு சின்ன ரப்பர் குழாயின் நுனியில் மட்டும் ஈரம். அட்டையில் திட்டு இருந்தது. ஆனால் பச்சை முன்னைவிட வெளுத்திருந்தது.

புதன்கிழமை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரு மாதிரி ஆள். சூடாக இருக்கும் வண்டியையும் சூடாக இருக்கும் வாடிக்கையாளரையும் தொட மாட்டார். இரண்டு பேரும் ஆறும் வரை ஸ்டூலில் உட்கார வைத்தார். பிறகு பக்கவாட்டில் இருந்த கூலண்ட் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

“யாரு தண்ணி ஊத்தினது?”

“நான் ஊத்தலண்ணே.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. பாதிக்கு மேல தண்ணி. கழுத்து வரைக்கும் ரொப்பி வெச்சிருக்கு. இதுல ரெண்டு கோடு போட்டிருக்கான் பாருங்க. மேல் கோட்டைத் தாண்டி ஊத்தினா, சூடானதும் அந்தச் சின்னக் குழாய் வழியா வெளிய தள்ளிடும்.”

பழையதை இறக்கிவிட்டுப் புதுக் கூலண்டைக் கோடு வரை ஊற்றினார். காற்றழுத்தம் வைத்துச் சோதித்தார். வண்டியை இரண்டு நாள் வைத்திருந்து தானே ஊர் சுற்றினார். ஒரு சொட்டு விழவில்லை.

“வண்டில ஓட்டை இல்ல. உங்க வீட்டுலதான் எங்கயோ இருக்கு” என்று சாவியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து நிறுத்தினேன். அட்டையில் திட்டு.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தினமும் விடியற்காலையில் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு எங்கள் தெரு வழியாக நடைப்பயிற்சி போகிறவர் யார்? வண்டி கெட்டுப்போனால் லாபம் யாருக்கு? அத்தான்தான். கையும் களவுமாகப் பிடித்து, அக்காவையும் வரவழைத்து, மானத்தை வாங்குவதென்று முடிவு செய்தேன். ஞாயிறு பொழுது புலருமுன் பின்வாசல் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டேன். கொசு பிடுங்கியது. அதையும் அத்தான் கணக்கிலேயே எழுதினேன்.

தெருப்பக்கக் கதவு திறக்கவில்லை. சமையலறைக் கதவு திறந்தது.

அம்மா. கையில் டீ கெட்டில். நேராக வண்டியின் பக்கம் போய்க் குனிந்து, பல நாள் பழக்கமாக டப்பா மூடியைத் திருகினாள். கெட்டிலின் மூக்கை உள்ளே விட்டுச் சாய்த்தாள்.

“குடி. இன்னும் ஒரு வாய். இந்த ஒரே வாய்” என்றாள் வண்டியிடம். “என் பொண்ணைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வா.”

“அம்மா.”

கெட்டில்தான் துள்ளியது. அவள் அசையவில்லை. “மெதுவாப் பேசுடி. அப்பா எழுந்துடுவார்.”

“என்னம்மா பண்ற நீ?”

“பாத்தா தெரியல? பாதிதான் இருக்கு. காலங்காத்தால அரை வயித்தோடவா அனுப்பறது?”

“வெறும் தண்ணி ஊத்தக் கூடாதும்மா அதுல!”

“வெறும் தண்ணியா? காய்ச்சி ஆற வெச்சது. வடிகட்டி வேற.”

எனக்கு ஏறியது. “உன்னாலதான் ஒழுகுது. நான் வண்டிய விக்கணும்னு வேணும்னே பண்ணியா?”

அம்மா கெட்டிலைத் தரையில் வைத்தாள். “போன மாசம் உன் மெக்கானிக் இங்கதான் நின்னு இந்த டப்பாவைக் காட்டிச் சொன்னான். தண்ணி குறைஞ்சா எஞ்சின் இறுகிடும், போயிட்டிருக்கும்போதே சக்கரம் நின்னு ஆளைத் தூக்கி எறிஞ்சிடும்னு. ஜன்னல்லேர்ந்து கேட்டேன். அன்னிலேர்ந்து நீ வெளிய போனா, திரும்பி வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் என் தொண்டையில ஒண்ணும் இறங்கல. அப்புறம் தரையில பாத்தா ஒழுகியிருக்கு. ஐயோ குறைஞ்சுடுமேன்னு தினமும் ரெண்டு வாய் கூடுதலா ஊத்தினேன்.”

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை வந்தது. அழுகை வந்ததற்காகத் திரும்பவும் கோபம் வந்தது.

“மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாத” என்றாள். “பொண்ணு குடுத்த இடம். காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.” மாப்பிள்ளை முன்னால் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறவள் அவள். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அத்தான் ஒன்பது மணிக்கே வந்தார். கையில் புது ஹெல்மெட். அதில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

“என்ன, கண்டுபிடிச்சாச்சா?”

“ம். ஒரு குழாய். கிளிப் லூஸு.”

“எந்தக் குழாய்? காட்டு.”

பொய் சொல்ல எனக்கு வராது. திட்டத்தான் வரும். வண்டியருகே போய் அங்கே இங்கே கை காட்டினேன். அவர் ஒவ்வொரு கிளிப்பாகப் பிடித்து அசைத்துப் பார்த்தார். எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. நேற்றைய திட்டு வேறு அட்டையில் பல்லிளித்தது.

வீட்டுக்குள் வந்ததும் “வாக்குன்னா வாக்கு மச்சினிச்சி” என்று கையை நீட்டினார். அப்பாவைப் பார்த்தேன். பேப்பர்தான் தெரிந்தது. சாவியை எடுத்தேன். விரல் அதை விடமாட்டேன் என்றது. மேலாளரின் மூஞ்சி கண் முன்னால் வந்து நின்றது. சாவியை அவர் கையில் வைத்தேன்.

அம்மா டீயோடு வந்தாள். டம்ளரை அவரிடம் நீட்டி, அவர் வாங்குவதற்காகச் சாவியை மேஜையில் வைக்கும் வரை காத்திருந்தாள்.

“மாப்பிள்ளை, வண்டில ஒரு கோளாறும் இல்ல. நான்தான் தினமும் தண்ணி ஊத்தினேன். ரொம்பி வழிஞ்சிருக்கு.”

அப்பாவின் பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

“காய்ச்சின தண்ணியா?” என்றார்.

“பின்ன?”

பேப்பர் மேலே ஏறியது.

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளிம்பு வரை இருந்த டீயோடு சிரிக்கக் கூடாது. சட்டை, ஹெல்மெட், வெள்ளை ஷூ எல்லாம் நனைந்தது. “வண்டிக்கு டீ கெட்டில்ல தண்ணியா அத்தை” என்று துடைத்துக்கொண்டே சிரித்தார். இனி எல்லாக் கல்யாண வீட்டிலும் இதைச் சொல்வார். அம்மாவுக்குக் காது வரை சிவந்திருந்தது. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மேஜையில் இருந்த சாவியை எடுத்து என் கையில் திணித்துவிட்டுத்தான் தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

அவர் போன பிறகு கேட்டேன். “விக்கணும் விக்கணும்னு நீதானே சொன்ன. பேசாம இருந்திருந்தா வண்டி போயிருக்குமே.”

“வித்துட்டா நீ எதுல போவ?”

“பஸ்ல. டாக்ஸில.”

“அதுல தண்ணி இருக்கான்னு நான் எப்படிடி பாப்பேன்?” என்றாள் அம்மா.

டப்பாவில் அவள் ஊற்றியதையெல்லாம் ஒரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். மேல் கோட்டின் மேல் சிவப்பு நகச்சாயத்தைத் தடவினேன். மெக்கானிக்கிடம் வாங்கி வைத்திருந்த கூலண்ட் பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன்.

“இனிமே இதுதான். கோடு வரைக்கும்தான். நீயே ஊத்து.”

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். பச்சை மெல்ல ஏறிச் சரியாகச் சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. பாட்டிலை நிமிர்த்தவில்லை. டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இன்னும் ஒரு வாய்” என்றாள்.

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.