சீதாலெட்சுமி ஏறினால் கொதிக்கும் கார்

“இஞ்சின் மூடியத் தொறங்கண்ணே, நான் பாக்கணும்.”

காரைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று சீதாலெட்சுமிக்குப் புகுந்த வீட்டில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இப்போது பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஆவி கக்கிக்கொண்டு கார் நின்றிருந்தது.

“பாத்தியாடா? இவ ஏறுனா மட்டுந்தான் கொதிக்குது,” என்றாள் மாமியார் நல்லம்மாள் மகனிடம், இருக்கையை விட்டு இறங்காமலே.

கணவன் பழனியப்பன் கிள்ளானில் அரிசிக்கடைக்காரன். இங்கிலீஷில் வரும் தபாலைக்கூடப் படிப்பான். மூடியைத் திறந்து பார்க்க மட்டும் அவனுக்குத் தோன்றியதில்லை. கல்யாணத்தன்று ஊர்வலத்தில் கார் கொதித்தது. புதுப்பெண் ராசி கெட்டவள் என்றாகிவிட்டது. அதற்குப் பரிகாரமாக, அவள் ஏறும்போதெல்லாம் காரின் முன்பக்கத்தில் மஞ்சள் துணியை இறுகக் கட்டி, மேலே வேப்பிலையை அடைத்துத் தொங்கவிடுவாள் நல்லம்மாள். அப்படியும் கொதித்தது. இன்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருக்கும் அப்பாவிடமே அவளை விட்டுவிடப் போகிறார்கள். திரும்ப அழைக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை.

டிரைவர் நாகையா தயங்கித் தயங்கி மூடியைத் தூக்கினார்.

“இந்த விசிறி எதுக்குண்ணே?”

“முன்னாலேருந்து காத்த இழுக்கும்மா. அந்தக் காத்துல இஞ்சின் தண்ணி ஆறும்.”

“காத்து எந்த வழியா வரும்?”

நாகையா வேப்பிலையைப் பார்த்தார். “சாமி காரியம்மா... நான் எப்படிலா கை வைக்கிறது?”

“தொடாதடி!” என்று நல்லம்மாள் கத்துவதற்குள் சீதாலெட்சுமி முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

சூடு தணிந்ததும் பக்கத்து மலாய்க் கிராமத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, நாகையா இஞ்சினை முடுக்கினார். அவள் முந்தானை நுனியைக் காரின் முன்னால் பிடித்தாள். துணி உள்ளே இழுபட்டு, முன்பக்கத்தில் தேன்கூடு போலிருந்த கண்ணறைகளில் அப்பிக்கொண்டது.

அவளுக்கு மெய்சிலிர்த்தது. இவ்வளவு பெரிய இரும்பு மூச்சு விடுகிறது! தோட்டத்துக் காற்றையெல்லாம் இழுத்துத் தன் நெருப்பைத் தானே ஆற்றிக்கொள்கிறது. நல்லம்மாள்கூட இறங்கி வந்து வாயைப் பிளந்தபடி பார்த்தாள்.

“கல்யாணத்தன்னிக்கு இங்க என்ன கட்டுனீங்க அத்தை?”

“பூத்தட்டி... முழுசா மறைச்சு...” நல்லம்மாளின் குரல் இறங்கியது.

பிரிக்பீல்ட்ஸ் வரை கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. குவாட்டர்ஸ் வாசலில் நல்லம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “இறங்காத தாயி, நம்ம வீட்டுக்கே போயிருவோம். உன் ராசி சரியாயிருச்சு.”

“ராசி சரியாகல அத்தை, துணிய அவுத்தோம். கார் கொதிச்சா காரணத்தத் தேடுங்க. வீட்டுக்கு வந்த பொண்ணு தலையில பழியப் போடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

“சரி, ஏறு சீதா. ஊரு பாக்குது,” என்றான் பழனியப்பன்.

“ஒரு தடவ நீங்க குனிஞ்சு பாத்திருந்தீங்கன்னா ஏறியிருப்பேன்.”

கார்க் கதவைச் சாத்திவிட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை.